செட்டிநாட்டு வீடுகள்: காரில் ஏறுபவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் பதினெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். சவாரி வருபவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போவார்கள், மீதிப் பேர் பழைய வீடு பார்க்கப் போவார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் ரயிலடியிலிருந்து கானாடுகாத்தான் போய்ச் சேருவதற்குள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார். சின்ன வயதில் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோன வீடுகளுக்குத்தான் இப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். அதனால் சில பதில்கள் கொத்தனார் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

"செட்டிநாடுன்னா எந்த ஊருங்க? மேப்ல போட்டா ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனைக் காட்டுது."

மேப் காட்டுவது தப்பில்லை. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் பெயரே செட்டிநாடுதான். ஆனால் செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார், அதாவது வியாபாரம் பார்க்கிற செட்டியார்கள், குடியிருக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் செட்டிநாடு. ஒரு காலத்தில் 96 ஊர் என்று கணக்குச் சொல்வார்கள், இன்று எழுபத்துச் சொச்சம்.

இந்த ஊர்கள் இன்றைக்குச் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் இருக்கின்றன. முன்பும் அப்படித்தான். 1948 வரை ஒரு பாதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில், மறு பாதி வெள்ளைக்காரன் ஆண்ட ராமநாதபுரம் மாவட்டத்தில். எல்லை மாறினாலும் கொள்வினை கொடுப்பினை ஒரே வட்டத்துக்குள் நடந்ததால் 'நாடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"அப்போ காரைக்குடிதான் தலைநகரமா?"

பெரிய ஊர், அவ்வளவுதான். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, காலேஜ் எல்லாம் இங்கே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பெயருக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். காரைச் செடி மண்டிக்கிடந்த இடம் என்பது ஒன்று, சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகள் நிறைந்த குடி என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. வீடு வருமுன் செடிதானே இருந்திருக்கும்! அப்பா சாகும்வரை இரண்டாவதுதான் சரி என்றார்.

"இதெல்லாம் ராஜாக்கள் கட்டின அரண்மனைதானே?"

இல்லை. வியாபாரிகள் கட்டிய குடும்ப வீடுகள். 'அரண்மனை' என்று பலகை வைத்திருப்பது கானாடுகாத்தானில் இருக்கும் செட்டிநாட்டு அரண்மனை. அண்ணாமலைச் செட்டியார் கட்டியது, 1912 வாக்கில் முடிந்தது. அவருக்குச் 'செட்டிநாட்டு ராஜா' என்ற பட்டம் கிடைத்தது 1929-ல். வீடு முதலில், ராஜா அப்புறம். அதே 1929-ல்தான் அவர் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் உருவானது.

நிஜமான ராஜாக்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான், சிவகங்கைச் சீமைக்காரர்கள், ராமநாதபுரம் சேதுபதி. ஆனால் தெருத் தெருவாகப் பெரிய வீடு கட்டியது அவர்கள் இல்லை.

"இந்தப் பொட்டல்ல இவ்வளவு பணம் எங்கேருந்து வந்துச்சு?"

இங்கிருந்து வரவில்லை, கடல் கடந்து வந்தது. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர், சைகோன். 1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காட்டை வெட்டி வயலாக்க பர்மா விவசாயிக்கு ரொக்கம் வேண்டும், வெள்ளைக்கார பேங்குகள் அவனுக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில்தான் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். பையன்கள் சின்ன வயதிலேயே 'பெட்டியடிப் பையன்' என்று கப்பல் ஏறினார்கள். கணக்குப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து தொழில் பழகுகிறவன் என்று அர்த்தம். அங்கே வேலைக்குப் போகிற ஏஜண்டுக்கு மூன்று வருஷத் தவணை. தங்குவதும் கணக்குப் பார்ப்பதும் கிட்டங்கி என்கிற கடைக் கட்டடத்தில். குடும்பம் இங்கே, ஊரில்.

இதில் மனசுக்கு ஒப்பாத பக்கமும் இருக்கிறது. 1930-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். நிலத்தை அவர்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை, ரொக்கம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பார்கள், அது உண்மைதான். நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு அதில் என்ன ஆறுதல் என்பதும் உண்மைதான்.

"சம்பாதிச்சது ரங்கூன்ல, வீடு மட்டும் ஏன் இங்க?"

புள்ளி இங்கே இருப்பதால். நகரத்தாரில் கல்யாணமான ஆண் தனிப் 'புள்ளி' என்று கோயில் கணக்கில் ஏறுவார். மொத்தம் ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம், யார் பங்காளி என்பதெல்லாம் இந்தக் கோயில் பிரிவைப் பார்த்துத்தான் முடிவாகும். கல்யாணம் சொந்த வீட்டு வளவில், அதாவது முற்றம் உள்ள கட்டில், நடக்க வேண்டும், முன்னோருக்குப் படைப்பு அந்த வீட்டில் போட வேண்டும். ரங்கூனில் எவ்வளவு பெரிய கட்டடம் வாங்கினாலும் இதெல்லாம் அங்கே நடக்காது.

கடல் பொங்கிக் காவிரிப்பூம்பட்டினம் அழிந்ததால் கடலுக்குத் தூரமாக, மேட்டில் வீடு கட்டினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. வீட்டுத் தளம் தெருவைவிட உயரமாக இருப்பதைக் காட்டி அதைச் சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது, நானும் சவாரியில் சொல்வேன். ஆனால் கதை என்று சொல்லித்தான் சொல்வேன்.

"ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுதே, ஏன் இவ்வளவு நீளம்?"

தலைவாசலில் நின்று பார்த்தால், கதவெல்லாம் திறந்திருந்தால், பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் போகிற மாடு தெரியும். வாசல்கள் அப்படி ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். முதலில் முகப்பு, இரண்டு பக்கமும் திண்ணை, தேக்குத் தூண்கள். ஆண்கள் உட்கார்ந்து தொழில் பேசிய இடம், கணக்குப்பிள்ளைக்கும் ஒரு மூலை. அடுத்து வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, சாப்பாட்டுப் பந்தி போடுகிற இடம். அப்புறம் மூன்றாம் கட்டில் அடுப்படி, உரல், அம்மி, கிணறு.

வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமானதும் 'வேறு வைத்தல்' என்று அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி அரிசி கொடுத்துவிடுவார்கள். வீடு ஒன்று, உலை பல. அறை படுப்பதற்கு என்பதைவிட, மருமகள் கொண்டுவந்த சாமான் வைத்துப் பூட்டுவதற்கு. வெள்ளி, பித்தளை, எனாமல் பாத்திரம், பெட்டகம், பாய், மெத்தை எல்லாம் அதற்குள். மனிதர்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். "இவ்வளவு பெரிய வீட்டுல பெட்ரூம் எங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

முற்றத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாலு பக்கத்து ஓட்டிலும் விழுகிற மழை முற்றத்தில் இறங்கும். கூரை மூலையில் தகரத் தூம்பு வைத்து, கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிச்சத் தண்ணீர் கல் வாய்க்கால் வழியாக வெளியே போய் ஊருணியில் சேரும். ஆறு இல்லாத ஊருக்கு அந்தக் காலத்துக் குழாய் இணைப்பு அது.

"ஆயிரம் சன்னல் வீட்ல நெசமாவே ஆயிரம் சன்னல் இருக்கா?"

எண்ணிப் பார்க்க யாரையும் விடமாட்டார்கள், குடும்பச் சொத்து, தெருவில் நின்றுதான் பார்க்கலாம். ஆயிரங்கால் மண்டபத்தில் கால் எண்ணுகிறோமா? அதைப் போலத்தான். காற்றோட்டத்துக்காகச் சன்னல் மேல் சன்னல் வைத்திருக்கிறார்கள், ஊர் வாய் ஆயிரம் என்றது.

எனக்கு அந்த வீட்டில் பிடித்தது அதன் வருஷம். 1941-ல் கட்டியது. அதே வருஷம் டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்கப்புறம் இங்கே யாரும் அந்த அளவில் வீடு கட்டவில்லை. சன்னலை எண்ணுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் சத்தம் இருக்காது.

"சுவரு கண்ணாடி மாதிரி இருக்கே, முட்டை போட்டுத்தான் பூசினாங்களாமே?"

முட்டை உண்டு, ஆனால் சுவர் முழுக்க முட்டை இல்லை. அடிப் பூச்சு சுண்ணாம்பும் மணலும். சுண்ணாம்பைத் தண்ணீரில் பல நாள் ஊற வைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து, வட்டத் தொட்டியில் மாடு கட்டிக் கல் உருளையை இழுத்து அரைப்பார்கள். அதை இரண்டு மூன்று பூச்சாகப் பூசிக் காயவிட்டு, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து மெல்லிய பூச்சு ஒன்று. அது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பு முட்டையிலிருந்து பாதி வருகிறது, மீதி தேய்க்கிற ஆளின் தோள்பட்டையிலிருந்து வருகிறது.

நான் பார்த்தது பழுது வேலைதான். ஒரு வீட்டில் வளவுச் சுவர் பெயர்ந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். சித்தாள் அக்கா இரண்டு பேர் உட்கார்ந்து முட்டை உடைத்தார்கள், வெள்ளை ஒரு சட்டியில், மஞ்சள் ஒரு சட்டியில். மஞ்சள் கரு எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அம்மா வெறும் மஞ்சள் கருவில் பொரியல் செய்து போட்டாள், நாலாம் நாள் எனக்கு வாசனையே பிடிக்கவில்லை. அந்தச் சுவரில் கதவுக்குப் பின்னால், ஈரத்தில் அப்பாவின் கட்டைவிரல் பட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. சவாரிக்காரர்களுக்கு அதைக் காட்டுவதில்லை.

"அதுல விரிசல் விட்டா சிமெண்ட் வச்சு அடைச்சா போதாதா?"

போதாது, கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் வைத்த இடத்தில் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்குள் சுற்றியிருக்கிற நல்ல பூச்சும் பொரிந்து விழும். பழைய வீட்டில் சாம்பல் நிறத் திட்டும் அதைச் சுற்றி உரிந்த வெள்ளையும் பார்த்தால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

"தரையில இருக்கிறது ஆத்தங்குடிக் கல்லா, இத்தாலி மார்பிளா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்திடம் சாப்பாட்டுக் கூடத் தரையைக் காட்டி "இத்தாலியிலிருந்து வந்தது" என்று அளந்துவிட்டேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "ஏந்தம்பி, இது ஆத்தங்குடி மண்ணு. நடந்தே போயிட்டு வரலாம், அதுக்கு ஏன் கப்பல் விடுற?" என்றது. அதற்கப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

மார்பிளில் நரம்பு ஓடும், ஒவ்வொரு பலகையும் வேறு மாதிரி இருக்கும். ஆத்தங்குடிக் கல்லில் பூ, கொடி, கட்டம் எல்லாம் நிறத்தில் வரும், ஓரத்துக்குத் தனிக் கரை இருக்கும், ஆனால் ஒரே அச்சில் போட்டாலும் கைவேலை என்பதால் நிறம் ஒரு இடத்தில் லேசாகக் கலங்கியிருக்கும். சுவரில் கால்வாசி உயரத்துக்கு, பூ புடைத்துக்கொண்டு, பீங்கான் போல மினுங்கினால் அது ஜப்பான் ஓடு. மாடியில் வார்ப்பிரும்புத் தூண் இருந்தால் இங்கிலாந்து, நிலைக்கண்ணாடியும் சரவிளக்கும் பெல்ஜியம், மரம் பர்மா.

ஆத்தங்குடிக்கே போனால் செய்வதைப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டு, அதன் மேல் பூ வடிவ அச்சு. சிமெண்டில் கரைத்த சாயத்தைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி அச்சைத் தூக்கிவிடுவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்பது கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும். மேலே காய்ந்த சிமெண்ட் மணல் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்து எடுத்து வைப்பார்கள். சில நாள் தண்ணீரில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடியாகவே இருக்கும். சூளை கிடையாது. மினுமினுப்பு போகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடந்துகொண்டே இருக்க வேண்டும். பூட்டிய வீட்டில் தரை மங்கிக் கிடப்பது அதனால்தான்.

"வாசல் மேல லெட்சுமிக்குப் பக்கத்துல வெள்ளைக்கார சிப்பாய் ஏன் நிக்கிறான்?"

ரங்கூனிலும் கொழும்பிலும் பார்த்ததை வந்து சொல்லியிருப்பார்கள், சுண்ணாம்பில் சிலை செய்கிற சுதை வேலைக்காரர் கையில் வந்ததைச் செய்திருப்பார். நடுவில் கஜலெட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சிப்பாய், மேலே கவுன் போட்ட பெண், அதற்கு மேல் சிங்கம். காவலுக்குத் துவாரபாலகர் இருந்தால் என்ன, சிப்பாய் இருந்தால் என்ன என்ற கணக்குதான். 1930-களின் கடைசியில் கட்டிய வீடுகளில் இந்தக் கூட்டமே காணாமல் போய், வளைந்த பால்கனியும் சூரியக் கதிர் போன்ற கோடுகளுமாக மாறிவிடும். வீட்டின் வயதைத் தெருவில் நின்றே ஊகிக்க அது நல்ல அடையாளம்.

இத்தனை சாமானும் எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. 1927-ல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். வீடுகளில் குவிந்து கிடந்த வெளிநாட்டு மேஜை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, என்னிடம் இந்தக் காண்டிராக்டைக் கொடுத்திருந்தால் பத்தில் ஒரு பங்கு செலவில், இன்னும் நல்ல காற்றோட்டத்தோடு செய்து கொடுத்திருப்பேன் என்கிற மாதிரிப் பேசினார்.

"அண்ணாமலைச் செட்டியாரும் அழகப்பச் செட்டியாரும் ஒரே ஆளா?"

வேறு வேறு. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அழகப்பச் செட்டியார் கோட்டையூர்க்காரர், 1909-ல் பிறந்தவர். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். பெண்கள் கல்லூரிக்குத் தன் சொந்த வீட்டையே விட்டுக் கொடுத்தவர். 48 வயது நிறையுமுன் 1957-ல் இறந்துவிட்டார். செட்டிநாட்டில் வளவு இல்லாத கட்டடங்களில் நான் நிறுத்திக் காட்டுவது அவர் வளாகத்தைத்தான்.

அதே கோட்டையூரில் இன்னொருவர் வீடு நிறையக் காகிதம் சேர்த்தார். விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடவில்லை. அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது.

"பழைய பேங்க் ஏதோ இங்கதான் ஆரம்பிச்சதாமே?"

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1937 பிப்ரவரி 10-ம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார்கள். தொடங்கியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அந்த 'மு.சித.மு.' போன்ற குடும்ப முன்னெழுத்துக்கு 'விலாசம்' என்று பெயர். வீட்டு நிலையில், இரும்புப் பெட்டியில், பித்தளைச் சட்டியின் கழுத்தில்கூட வெட்டியிருக்கும். பழைய சாமான் கடையில் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் அது எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது என்று தெரிந்துவிடும்.

"திருமயம் கோட்டையும் செட்டியார் கட்டினதா?"

இல்லை. சேதுபதி கட்டியது, 1687 என்று வருஷம் சொல்வார்கள். அதே குன்றின் அடியில் குடைந்தெடுத்த சிவன் கோயிலும் பள்ளிகொண்ட பெருமாள் கோயிலும் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு பழையவை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் அதுதான். பெருமாள் பெயரும் சத்தியமூர்த்தி.

"தேவகோட்டைல பார்க்க என்ன இருக்கு?"

வீடுகள் அங்கேயும் நிறைய. அதோடு 1942 ஆகஸ்டில் நடந்த வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். திருவாடானையில் ஜனங்கள் சிறையை உடைத்தார்கள், தேவகோட்டையில் கோர்ட்டுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. திண்ணையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்த ஊர்தானே என்று நினைத்தால் தப்பு.

"முக்கால்வாசி வீடு பூட்டியே கிடக்கே, வித்துட்டுப் போகலாமே?"

மேலே சொன்ன பர்மாக் கதையின் பின்பாதி இது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-ல் ஜப்பான் பிடித்ததும் கையில் கிடைத்ததோடு ஓடிவந்தார்கள், பலர் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். சுதந்திரம் வந்ததும் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. 1962-ல் ராணுவம் வந்தபின் மிச்சமும் போனது. வீட்டை நடத்திய வருமானம் அங்கே நின்றுபோனது, வீடு மட்டும் இங்கே நின்றது. பிள்ளைகள் சென்னை, மதுரை, அப்புறம் அமெரிக்கா என்று போய்விட்டார்கள்.

விற்பது லேசு இல்லை. தாத்தா கட்டிய வீட்டில் இன்றைக்கு முப்பது நாற்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் துபாயில், ஒருவர் கோவையில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாலும் படைப்பு எங்கே போடுவது என்று ஒரு ஆச்சி கேட்டால் பேச்சு அங்கேயே நிற்கும். பூட்டிக் கிடப்பதாக நாம் நினைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் நூறு இலை விழும்.

"இடிக்கிறாங்களே, யுனெஸ்கோ தடுக்காதா?"

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. உத்தேசப் பட்டியல் என்றால் விண்ணப்ப வரிசையில் டோக்கன் எடுத்தது மாதிரி. அதை வைத்து ஒரு தனியார் வீட்டின் ஓட்டைக்கூட யாரும் காப்பாற்ற முடியாது. பங்காளிகள் ஒத்துப்போய் மர வியாபாரி வந்துவிட்டால் ஒரு மாதத்தில் வீடு லாரி ஏறிவிடும். தூண் தனி விலை, நிலைக்கதவு தனி விலை, உத்தரம் அடிக்கணக்கு. சுவருக்கு மட்டும் விலை இல்லை, அது மண்மேடு.

"அப்போ முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு தூணு வாங்கலாமா? தப்பா?"

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு அது. எனாமல் கூஜா, ரவிவர்மா படம், பல்லாங்குழி வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இடிந்த வீட்டுச் சாமான் குப்பைக்குப் போவதைவிட ஒரு வீட்டில் இருப்பது நல்லதுதான். ஆனால் "இதே மாதிரி இன்னும் எட்டுத் தூண் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் கிடைக்கும், அதுதான் பிரச்சினை. இன்னொன்று, கடையில் 'பழசு' என்று நிற்பதில் பாதி போன வருஷம் ஆசாரி செய்து சாயம் ஏற்றியது. அடியைத் திருப்பிப் பாருங்கள், புது ரம்ப வெட்டு தெரியும்.

"உள்ள விடுவாங்களா? ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்க?"

ஆத்தங்குடியில் பெரிய வீடு ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் ஓட்டலாகிவிட்டன, சாப்பிடப் போனால் சுற்றிப் பார்க்கலாம். கானாடுகாத்தான் அரண்மனைக்கு உள்ளே போக முடியுமா என்பதை அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற வீடுகளில் காவல்காரர் மனசு, உங்கள் பேச்சு. "வளவு வரைக்கும் பார்த்துட்டு வந்துடறோம் அண்ணே" என்றால் பெரும்பாலும் திறப்பார். போனை நீட்டிக்கொண்டே படியேறினால் திறக்கமாட்டார். செருப்பை முகப்பிலேயே விடுங்கள். பூட்டிய அறைச் சன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம், மேலே சொன்னேனே, அது யாரோ ஒரு மருமகளின் சாமான் அறை.

காலையில் வெயில் ஏறுமுன் கானாடுகாத்தான் தெருக்கள், பதினொரு மணிக்கு ஆத்தங்குடி, சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையார்பட்டி, சாயங்காலம் காரைக்குடி. இதற்கு மேல் அடைக்காதீர்கள். முன்வாசல் தெருவை மட்டும் பார்த்துத் திரும்பாமல் பின் தெருவிலும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே சுதையும் சிப்பாயும் இருக்காது. நீள நீளமான மொட்டைச் சுவர், ஒரு சின்னக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் விறகும் தண்ணீர்க் குடமும் இறக்கிவைக்க ஒரு கல் மேடை. அப்பாவுக்கு நான் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு வந்தது அந்த மாதிரி மேடையில்தான்.